எல்லைக்கு அப்பால் தொலையும் உரிமை

(பொதுமேடைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசும் ஒரு விஷயத்தை இன்று மேடையில் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறொரு பெண் தரும் கருமுட்டையைக் கொண்டு பிள்ளை பெறுவதற்காக நாடு விட்டு நாடு போவதைப் பற்றியது அது. ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஸ்பெயினுக்குப் போகிறார்கள். செக் குடியரசுக்குப் போகிறார்கள். பிரிட்டனிலிருந்து கிரேக்கத்துக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கல்யாணமான மறு வருஷமே 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று பந்தியில் வைத்துக் கேட்கிற ஊர் நம் ஊர். பிள்ளைக்காக ஏங்கும் ஒருத்தியின் மனசு நமக்குப் புதிதல்ல.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்தச் சிகிச்சையை ஒரு நாடு தடை செய்தால் அது நின்றுபோவதில்லை. அடுத்த நாட்டுக்கு இடம் மாறுகிறது. அப்படி மாறும்போது இரண்டு பேர் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். ஒருவர் பிறக்கப்போகும் குழந்தை. இன்னொருவர் முட்டையைத் தந்த பெண். இந்த இருவரையும் மீண்டும் கணக்கில் சேர்க்கச் சொல்லித்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் உடலின் நியதியைப் பார்ப்போம். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பூப்பெய்தும் வயதில் அவை 3 அல்லது 4 லட்சமாகக் குறைந்துவிடும். வாழ்நாள் முழுவதும் மாதம் ஒன்றாக வெளிவருபவை ஏறத்தாழ 400தான். 35 வயதுக்குப் பிறகு எண்ணிக்கையோடு தரமும் வேகமாகக் குறைகிறது. 44 வயதில் தன் சொந்த முட்டையைக் கொண்டு ஐவிஎஃப் செய்துகொள்ளும் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றில் ஒரு சிலதான். ஆனால் கருப்பை அவ்வளவு சீக்கிரம் தளர்ந்துவிடுவதில்லை. இளம்பெண் ஒருத்தியின் முட்டையில் உருவான கருவை 45 வயதுக் கருப்பையும் ஏற்று வளர்க்கும். அப்படி ஒரு முறை கருவை வைத்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. எந்தக் கருமுட்டை என்பதே இங்கே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

'படிப்பு, வேலை என்று காலத்தைக் கடத்திவிட்டு இப்போது அவதிப்படுகிறார்கள்' என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமான பேச்சல்ல. நூறு பெண்களில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழந்துவிடுகிறது. டர்னர் குறைபாட்டோடு பிறக்கும் பெண்களில் பெரும்பாலோருக்குச் சொந்த முட்டையே இருப்பதில்லை. இளவயதில் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தவர்கள் பலர் அந்தச் சிகிச்சையிலேயே முட்டைகளை இழந்தவர்கள். இவர்களில் யாரும் எதையும் தள்ளிப்போட்டவர்கள் அல்லர்.

1978 ஜூலையில் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் அதே முறையில் துர்கா என்ற குழந்தை பிறந்தாள். 1984க்குள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தானமாகப் பெற்ற கருமுட்டையில் கருத்தரித்த தாய்மார்கள் பிள்ளை பெற்றுவிட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் அதன் பிறகுதான் சட்டம் எழுத உட்கார்ந்தன. ஆளுக்கொரு திசையில் எழுதின.

ஸ்பெயின் 1988லேயே சட்டம் இயற்றிக் கதவைத் திறந்துவிட்டது. இப்போது அங்கே நடைமுறையில் இருப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஜெர்மனி 1990இல் கருப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, கருமுட்டைத் தானச் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை அல்லது அபராதம் என்றது. முட்டை தருபவளுக்கும் பெறுபவளுக்கும் தண்டனை கிடையாது. இத்தாலி 2004இல் தடை விதித்தது. பத்து ஆண்டுகள் கழித்து அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தகர்த்தது. நார்வேயில் 2021வரை தடை இருந்தது. சுவிட்சர்லாந்தின் இனப்பெருக்க மருத்துவச் சட்டத்தில் தடை எழுதப்பட்டிருக்கிறது. பிரான்ஸ் அனுமதித்தது, ஆனால் முட்டை தருபவருக்குப் பணம் கூடாது என்றது. தருபவர்கள் குறைவாக இருந்ததால் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

எல்லைகள் திறந்திருக்கும் ஒரு கண்டத்தில் இத்தனை விதமான சட்டங்கள் இருந்தால் மக்கள் என்ன செய்வார்கள்? பயணச்சீட்டு வாங்குவார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் ஆறு நாடுகளின் மருத்துவமனைகளில் ஆய்வு செய்து 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கருத்தரிப்புச் சிகிச்சைக்காக எல்லை தாண்டி அந்நாடுகளுக்கு வருபவர்கள் ஆண்டுக்கு 11,000 முதல் 14,000 பேர். அவர்களில் ஜெர்மானியரும் இத்தாலியரும் சொன்ன முதன்மைக் காரணம், சொந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது என்பதுதான்.

அந்தப் பயணம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மியூனிக்கில் இருக்கும் ஒரு பெண் முதலில் வீடியோவில் ஸ்பெயின் மருத்துவரிடம் பேசுகிறாள். ரத்த வகை, தோல் நிறம், கண் நிறம், முடி, உயரம் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். அவற்றுக்கு ஒத்துப்போகும் பெண்ணை மருத்துவமனைதான் தேர்ந்தெடுக்கும். தம்பதிக்குப் புகைப்படம் காட்டமாட்டார்கள், பெயர் சொல்லமாட்டார்கள். கருப்பையின் உட்சுவர் தடிப்பதற்கு அவள் ஊரில் இருந்தபடியே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுகிறாள். அது 7 அல்லது 8 மில்லிமீட்டர் வந்ததும் ஸ்கேன் முடிவை அனுப்புகிறாள். பிறகு விமானம். கணவரின் விந்தில் கருவுற்று ஐந்து நாள் வளர்ந்த கரு, சில நிமிடங்களில் கருப்பைக்குள் வைக்கப்படுகிறது. ஊர் திரும்பிப் பத்துப் பன்னிரண்டு நாளில் ரத்தப் பரிசோதனை. மொத்தச் செலவு பெரும்பாலும் 6000 முதல் 10,000 யூரோவரை ஆகும்.

அதே வாரங்களில் வலென்சியாவிலோ பார்சிலோனாவிலோ இன்னொரு பெண் இருக்கிறாள். கல்லூரியில் படிப்பவளாக இருக்கலாம். குறைந்த சம்பளத்தில் வேலை செய்பவளாக இருக்கலாம். பிழைப்புக்காக வேறு நாட்டிலிருந்து வந்தவளாகவும் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறாள். மாதம் ஒரு முட்டை முதிர வேண்டிய சினைப்பையில் பத்து, பதினைந்து முட்டைகள் ஒன்றாக முதிர்கின்றன. மயக்கம் கொடுத்து, ஊசியைச் செலுத்தி அவற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்குவதும், வயிற்றில் நீர் சேர்வதும், அரிதாக ரத்தம் உறைவதும் இதில் தெரிந்த ஆபத்துகள். புதிய மருந்து முறைகள் அந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்திருக்கின்றன, முற்றிலும் போக்கிவிடவில்லை. அவள் பட்ட சிரமத்துக்கு ஈடாக ஏறத்தாழ 1000 யூரோ தருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி மனித உயிரணுக்களை விற்கக் கூடாது என்கிறது. செலவுக்கும் சிரமத்துக்கும் ஈடு தரலாம் என்கிறது. ஆனால் வேலையில்லாத ஓர் இளம்பெண்ணுக்கு 1000 யூரோ என்றால் அது வாடகை. அவள் மனத்தில் இரக்கமும் இருக்கலாம், வாடகைக் கவலையும் இருக்கலாம். அவளை நாம் மதிக்க வேண்டுமானால் இரண்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த இரு பெண்களும் ஒருவரையொருவர் ஒருபோதும் சந்திப்பதில்லை. ஸ்பெயின் சட்டப்படி முட்டை தந்தவளின் அடையாளம் ரகசியம். பிறக்கும் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து போன்ற மிக அரிய சூழலில் மட்டுமே விலக்கு உண்டு.

இங்கேதான் ஜெர்மானியச் சட்டத்தின் முரண் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தடைக்கு அன்று சொல்லப்பட்ட காரணம் குழந்தையின் நலன். முட்டை தந்தவள் ஒருத்தி, சுமந்தவள் இன்னொருத்தி என்று தாய்மை இரண்டாகப் பிளந்தால் பிள்ளை குழம்பிப்போகும் என்றார்கள். அதே ஜெர்மனியில் விந்துத் தானம் சட்டப்படி செல்லும். ஒருவருக்குத் தன் பிறப்பின் மூலத்தை அறியும் உரிமை உண்டு என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. 2018 முதல் விந்துத் தானம் தந்தவர்களுக்கு மத்தியப் பதிவேடு இருக்கிறது. அதில் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆக, ஜெர்மனியில் விந்துத் தானத்தால் பிறந்த பிள்ளைக்குத் தன் மூலம் தெரியும். தடையின் காரணமாக ஸ்பெயினுக்குப் போய்ப் பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. குழந்தையைக் காப்பதற்கென்று எழுதிய சட்டம் குழந்தையின் உரிமையைத்தான் முதலில் பறித்திருக்கிறது.

தாயின் உடல்நலத்தையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை. தானமாகப் பெற்ற முட்டையில் கருத்தரிக்கும் பெண்ணுக்குக் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமும், அது முற்றி வரும் முன்சூல்வலிப்பும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம். பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஆனால் உதவியதாக வழக்கு வருமோ என்ற அச்சத்தில் மருத்துவர் கேட்பதற்குத் தயங்குகிறார். தன்னைத் தவறாக நினைப்பார்களோ என்று பெண் சொல்வதற்குத் தயங்குகிறாள். தண்டனை இல்லை என்றாலும் தடை செய்யப்பட்ட ஒன்றைச் செய்துவிட்ட குறுகுறுப்பு அவளுக்கு இருக்கிறது. அந்த மௌனம் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாக முடியலாம்.

ஐரோப்பாவின் உயர்ந்த மனித உரிமை நீதிமன்றமே இந்தக் கேள்வியை விசாரித்திருக்கிறது. தங்கள் நாட்டின் தடையை எதிர்த்து ஆஸ்திரியாவைச் சேர்ந்த இரண்டு தம்பதியர் தொடுத்த வழக்கில், அந்தத் தடை உரிமை மீறல் என்று 2010இல் ஓர் அமர்வு சொன்னது. 2011 நவம்பர் 3 அன்று 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு அதை மாற்றி, மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மை நீதிபதிகள் கவனத்தில் கொண்டவற்றில் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். வெளிநாடு போய்ச் சிகிச்சை பெறுவதை ஆஸ்திரியா தடுக்கவில்லை. பெற்றுத் திரும்பினால் தாய் யார், தந்தை யார் என்பதற்குச் சிவில் சட்டத்தில் தெளிவான விதிகள் இருக்கின்றன என்றார்கள். உள்நாட்டில் மூடிய கதவுக்குப் பதிலாக விமான நிலையம் இருக்கிறதே என்பது அதன் பொருள். பணம் இல்லாதவளுக்கு அந்த விமான நிலையம் எதற்கு? அங்கே போய்ப் பிறக்கும் பிள்ளைக்கு எந்தப் பதிவேடு? தீர்ப்பு இவற்றைத் தொடவில்லை.

ஆஸ்திரியா பின்னர் திருந்தியது என்பதையும் சொல்ல வேண்டும். 2015இல் கருமுட்டைத் தானத்தை அனுமதித்தபோது, பிள்ளைக்கு 14 வயதானதும் தந்தவர் யார் என்று அறியலாம் என்ற உரிமையையும் சேர்த்தே எழுதியது. ஸ்வீடன் 1985லேயே விந்துத் தானத்துக்கு இந்த உரிமையைத் தந்த முன்னோடி. பிரிட்டன் 2005 ஏப்ரல் முதல் தானத்தில் ரகசியத்தை நீக்கியது. போர்ச்சுகலின் அரசியல் சாசன நீதிமன்றம் 2018இல் ரகசியம் செல்லாது என்றது. பிரான்ஸ் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் தருபவர் தன் அடையாளம் வெளிப்பட இசைய வேண்டும் என்று மாற்றியது. ஜெர்மனியிலும் அரசு அமைத்த வல்லுநர் குழு 2024 ஏப்ரலில், உரிய பாதுகாப்புகளோடு கருமுட்டைத் தானத்தை அனுமதிக்கலாம் என்று அறிக்கை தந்தது. உலகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது இதில் தெரிகிறது.

'ரகசியத்தை நீக்கினால் யாரும் தர முன்வரமாட்டார்களே' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்வி. தருபவர் தொகை குறையக்கூடும், காத்திருப்பு நீளக்கூடும். ஆனால் ரகசியம் என்ற வாக்குறுதியை இனி எந்த மருத்துவமனையாலும் காப்பாற்ற முடியாது. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் உறவினர் பட்டியல் வந்துவிடும் காலம் இது. முட்டை தந்தவள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதே இல்லை. அவளுடைய சித்தி மகன் ஒருவன் செய்துகொண்டிருந்தால் போதும், தேடும் பிள்ளை அவளிடம் வந்து சேரலாம். இருபது வயதில் அவளிடம் கையெழுத்து வாங்கும்போது இதைச் சொல்கிறார்களா? சொல்லாமல் வாங்கும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது.

பிள்ளையிடம் உண்மையைச் சொன்னால் பாசம் குறைந்துவிடும் என்ற பயம் பெற்றோர் பலருக்கும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சூசன் கோலம்பாக் தலைமையிலான குழு, கருமுட்டைத் தானம், விந்துத் தானம், வாடகைத் தாய் முறை ஆகியவற்றால் பிறந்த பிள்ளைகளின் குடும்பங்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 2023இல் வெளியான முடிவு அந்தப் பயத்துக்கு நல்ல பதில். அந்தப் பிள்ளைகள் இருபது வயதில் மற்றப் பிள்ளைகளைப் போலவே நலமாக இருக்கிறார்கள். ஏழு வயதுக்கு முன்பே தங்கள் பிறப்பைப் பற்றிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்குத் தாயோடு உறவு இன்னும் நன்றாக இருந்தது. பிறந்த விதம் பிள்ளைக்குச் சுமையாகவில்லை. காலம் கடந்து, அதுவும் பெற்றோர் வாயால் இல்லாமல் தெரியவரும்போதுதான் மனம் உடைகிறது.

இனி இந்த விஷயம் நம் வாசலுக்கு வரும் இடம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே என்று நான் சொன்ன நாடுகளில் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. அந்தத் தடைகள் அவர்கள் வாழ்க்கையையும் பாதித்தவை. தங்கள் சாயலில் ஒரு பெண் முட்டை தருவாளா என்று ஐரோப்பாவில் தேடினால் தெற்காசியப் பெண்கள் மிகக் குறைவு. அதனால் பார்வை இந்தியா பக்கம் திரும்புவது இயல்பு.

இந்தியாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் பல நல்ல எல்லைகளை வகுத்திருக்கிறது. முட்டை தருபவளுக்கு வயது 23 முதல் 35வரை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. விலை கொடுக்கக் கூடாது. மருத்துவச் செலவும் காப்பீடும் தர வேண்டும். பெறுபவளின் வயது 50ஐத் தாண்டக் கூடாது. ஆனால் சட்டம் வந்த அதே 2022இல்தான் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கொடுமை வெளியே வந்தது. பெற்ற தாயும் தரகரும் சேர்ந்து, ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, அந்தக் குழந்தையின் கருமுட்டைகளைத் திரும்பத் திரும்ப விற்றார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கிரேக்கத்தின் கிரீட் தீவில், வெளிநாட்டுத் தம்பதியர் தேடிப்போன ஒரு மருத்துவமனையைக் காவல்துறை முற்றுகையிட்டது. கிழக்கு ஐரோப்பாவின் ஏழைப் பெண்களை முட்டைக்காகவும் வாடகைத் தாய்மைக்காகவும் சுரண்டியதாகக் குற்றச்சாட்டு. ஈரோடும் கிரீட்டும் தொலைவில் இருக்கலாம். இரண்டு இடத்திலும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு தரகர் இருந்தார். முட்டை தந்தவளின் முகம் பெறுபவருக்குத் தெரியாமல் இருந்தது.

நம் சட்டத்திலும் ஒரு பெரிய குறை உண்டு. 18 வயதான பிள்ளைக்குத் தன் மூலத்தை அறியும் உரிமையை அது தரவில்லை. அதைத் திருத்தக் கோருவது நம் கடமை.

பயணத்துக்கு ஆயத்தமாகும் தம்பதியருக்குச் சில வார்த்தைகள். எத்தனை பேர் கர்ப்பமானார்கள் என்ற விளம்பரக் கணக்கை விடுங்கள்; ஒரு முறை கரு வைத்தால் எத்தனை பேர் குழந்தையோடு வீடு போனார்கள் என்று கேளுங்கள். ஒரே ஒரு கருவை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். இரட்டையர் என்பது கேட்க இனிமையாக இருந்தாலும் அந்தக் கர்ப்பத்தில் ஆபத்து அதிகம். அடையாளத்தை வெளிப்படுத்தும் நாடு உங்கள் கைக்கு எட்டினால் அதையே தேர்ந்தெடுங்கள். எட்டாவிட்டால், தந்தவளின் வயது, ரத்த வகை, குடும்ப நோய் வரலாறு, அவளுடைய முட்டையில் ஏற்கெனவே எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கின்றன என்ற விவரம் அனைத்தையும் எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அவளுக்குப் பக்கவிளைவு வந்தால் யார் மருத்துவம் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறும் மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் பிரசவ மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் புரியத் தொடங்கும் வயதிலேயே, கதை சொல்வதுபோல, அவனிடமும் சொல்லுங்கள்.

சட்டம் இயற்றுவோரிடம் நான் கேட்பது இது. கருமுட்டைத் தானத்தை அவரவர் நாட்டிலேயே, பதிவேட்டோடும் தருபவளுக்கு முழுக் காப்பீட்டோடும் அனுமதியுங்கள். அந்தப் பதிவேடுகள் எல்லை தாண்டிப் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். மியூனிக்கில் வளரும் பிள்ளையின் கேள்விக்கு வலென்சியாவிலிருந்து பதில் வர வேண்டும். விமானம் ஏறிப் போய்ப் பெற்ற பிள்ளைக்கு, சொந்த ஊரில் பிறந்த பிள்ளையைவிட ஓர் உரிமைகூடக் குறையக் கூடாது. முட்டை தந்தவளின் உடல்நலத்துக்கு, அதைப் பெற்றவளின் உடல்நலத்துக்குத் தருவதைவிடக் குறைவான மதிப்புத் தரக் கூடாது. இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் எந்த நாடும் தன்னைக் குழந்தைகளின் காவலன் என்று சொல்லிக்கொள்ளலாம்.